ஹாரி கேனை உருவாக்கியது லோன்தானா?

இங்கிலாந்தில் ஒரு பெரிய கிளப் தன் இளம் ஸ்ட்ரைக்கரைச் சின்னக் கிளப்புக்கு லோனில் அனுப்பும்போதெல்லாம் ஹாரி கேனைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். நான்கு கிளப்புகளுக்கு இரவல் போனார், திரும்பி வந்து டோட்டன்ஹாமுக்கு 280 கோல் அடித்தார், அப்புறம் என்ன கேள்வி என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நான்கு கிளப்புகளையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் சாயம் வெளுக்கத் தொடங்கிவிடுகிறது.

முதலில் போனது லேடன் ஓரியன்ட். 2011 ஜனவரி, வயது 17, மூன்றாம் நிலையான லீக் ஒன். 18 ஆட்டம், 5 கோல். பையன் மிரளவில்லை என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் போன மில்வால் கதையே வேறு. இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் கீழே இறங்கிவிடுவோமோ என்று தவித்துக்கொண்டிருந்த அணி அது. இங்கிலாந்தில் எந்த அணியும் போய் ஆடத் தயங்கும் மைதானம் அவர்களுடைய ‘தி டென்’. சொந்த அணிக்காரன் பந்தைத் தவறவிட்டாலும் அந்தக் கூட்டம் சும்மா விடாது. அகாடமி ஆட்டத்தில் தோற்றால் பயிற்சியாளர் நாலு வார்த்தை திட்டுவார். மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மில்வாலில் தோற்றால் கிளப்பின் வருமானம் போகும், கூட ஆடுகிறவரின் அடுத்த ஒப்பந்தம் போகும். வீட்டுக் கடன் கட்டுகிற முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர் எதிரே முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைத் தாண்டித்தான் பந்தைத் தலையால் முட்ட வேண்டும். கேன் அங்கே எல்லாப் போட்டிகளிலுமாக 27 ஆட்டம் ஆடி 9 கோல் அடித்தார். அணி தப்பியது. அந்த சீசனின் சிறந்த இளம் வீரர் விருதையும் மில்வால் அவருக்கே கொடுத்தது. லோன் முறையின் பக்கம் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. நானும் அதை மறுக்கவில்லை.

அதோடு கதை முடிந்திருந்தால் வாதமும் ஜெயித்திருக்கும். 2012-13 சீசனில் பிரீமியர் லீக்கில் இருந்த நார்விச்சுக்குப் போனார். போன சில வாரங்களிலேயே பாத எலும்பு முறிந்தது. அங்கே அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மூன்றே மூன்று, கோல் இல்லை. பிப்ரவரியில் டோட்டன்ஹாம் திரும்ப அழைத்தது, மூன்று வாரத்துக்குள் லெஸ்டருக்கு அனுப்பியது. காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒரே சீசனில் மூன்று ஊர், மூன்று மேலாளர்கள். லெஸ்டரில் 13 லீக் ஆட்டம், 2 கோல். பெரும்பாலும் பெஞ்சுதான்.

அந்த பெஞ்சைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஜேமி வார்டியும் ஒருவர். ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் சிறுவயதில் கழித்துவிட்டதால், வாரம் முப்பது பவுண்டுக்கு ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற குட்டி அணியில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரை 2012-இல் லெஸ்டர் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே ஆடிய ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு தந்ததில்லை. முதல் சீசனில் லீக்கில் வெறும் 4 கோல். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று வார்டி யோசித்தார். மேலாளர் நைஜல் பியர்சன் கூப்பிட்டுப் பேசினார், விடாமல் வைத்துக்கொண்டார். அடுத்த சீசனில் 16 லீக் கோல். அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2015-16-இல் பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவர் கேன், 25. ஒரே கோல் குறைவாக, செர்ஜியோ அகுவேரோவோடு சேர்ந்து, வார்டி. கோப்பை லெஸ்டருக்கு!

ஒரே பெஞ்ச், இருவருமே தடுமாறிய ஒரே காலம். ஆனால் லெஸ்டருக்கு வார்டி சொந்தச் சொத்து, கேன் இரவல் சட்டை. மே மாதம் திருப்பிக் கொடுக்கப்போகும் சட்டையில் கிழிசல் இருந்தால் யார் உட்கார்ந்து தைப்பார்கள்? பியர்சன் மீது பழி போட முடியாது. ஏற்றத்துக்கான பிளே-ஆஃப் அவர் கழுத்தில் நின்றது. வளர்ந்து முடித்தபின் இன்னொரு கிளப்புக்குத்தான் பயன்படப்போகிற பையனுக்காகப் பொறுமை காட்ட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. லோன் முறையின் அடிப்படைக் கோளாறு என்று நான் நினைப்பது இதுதான். வீரர் ஓரிடத்தில் இருக்கிறார். அவரைப் பற்றிய அக்கறை வேறோரிடத்தில் இருக்கிறது.

கேன் உண்மையில் திரும்பியது லோன் நின்றபிறகுதான். 2013-14-இல் அவர் டோட்டன்ஹாமிலேயே தங்கினார். நடுவில் மேலாளராகப் பொறுப்பேற்ற டிம் ஷெர்வுட், கிளப்பின் இளையோர் பிரிவில் அவரை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவந்தவர். 2014 ஏப்ரலில் சண்டர்லாந்துக்கு எதிராகக் கேன் டோட்டன்ஹாமுக்காக முதன்முறையாகப் பிரீமியர் லீக் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆடினார், கோல் அடித்தார். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அடித்தார். பொச்செட்டினோ மேலாளராக வந்த அடுத்த சீசனில் எல்லாப் போட்டிகளிலுமாக 31. அவரைப் பல வருடம் தெரிந்த ஒருவர் இடம் கொடுத்தார், அவர் எடுத்துக்கொண்டார். இதில் நார்விச்சுக்கும் லெஸ்டருக்கும் என்ன பங்கு?

இதே பாதையில் போன இன்னோர் ஆங்கிலேய முன்கள வீரர் பேட்ரிக் பாம்ஃபோர்ட். 2012-இல் செல்சி வாங்கியது. ஆறு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பியது. தன் முதன்மை அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவிடவில்லை. மிடில்ஸ்பரோவில் 17 லீக் கோல் அடித்துச் சாம்பியன்ஷிப்பின் சிறந்த வீரரானார். பிறகு கிரிஸ்டல் பேலஸ், நார்விச், பர்ன்லி. மூன்றிலுமாக ஒரு லீக் கோல்கூட இல்லை. ஆட்டமே கிடைக்காதவர் கோலுக்கு எங்கே போவார்? அவர் செல்சியை விட்டு வெளியேறி, பின்னாளில் லீட்ஸ் அவரைச் சொந்தமாக வாங்கிப் பொறுமையாக ஆடவிட்ட பிறகு, 2020-21-இல் பிரீமியர் லீக்கில் 17 கோல் வந்தது. அப்போது அவருக்கு வயது 27.

லோனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. விலைக்கு வாங்க முடியாத திறமை சின்னக் கிளப்புக்குப் பாதிச் சம்பளத்தில் கிடைக்கிறது. மில்வால் போன்ற பள்ளிக்கூடத்தை எந்த அகாடமியும் கட்ட முடியாது. (அந்தச் சின்னக் கிளப்பின் சொந்தப் பையன் தன் இடத்தை இழக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.) சில ஒப்பந்தங்களில் வீரரை அதிகம் ஆடவிட்டால் கடன் வாங்கிய கிளப் செலுத்தும் கட்டணம் குறையும் என்று எழுதுகிறார்கள்; நல்ல ஏற்பாடு.

2022-இல் பிஃபா லோன்களுக்கு எண்ணிக்கை வரம்பு கொண்டுவந்தது. படிப்படியாக அதை ஆறுக்கு இறக்கியது. ஆனால் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், கிளப்பே வளர்த்தெடுத்த வீரர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதாவது, 2013-இல் லெஸ்டர் பெஞ்சில் இருந்த கேனை இந்த விதி இன்றைக்கும் தொடாது. எத்தனை பேரை அனுப்பலாம் என்பதை எண்ணுவதைவிட, அனுப்பிய பையன் எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்பதை எண்ணுவது பயன் தரும். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், திரும்பி வரும் உரிமையை ஒப்பந்தத்தில் கிளப்புக்கு மட்டும் விடாமல் அந்தப் பையனுக்கும் பிஃபா கொடுக்க வேண்டும்.