மாடு கொடுத்தால் வறுமை போகுமா?

நுண்கடனுக்குப் பெயர்போன வங்கதேசத்திலேயே கடன் சங்கங்களில் சேர முடியாத பெண்கள் ஏராளம். தவணை கட்ட வருமானம் வேண்டுமே! அவர்களுக்காக பிராக் நிறுவனம் 2002-இல் கடனே இல்லாத ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பசுவோ ஆடோ இலவசம். அது பலன் தரும்வரை அடுப்பெரியச் சிறு உதவித்தொகை. வளர்ப்புப் பயிற்சி, சேமிப்பு, வாரந்தோறும் வீடு தேடி வரும் பணியாளர். சுமார் இரண்டு ஆண்டுகளில் எல்லாம் நின்றுவிடும். பிறகு குடும்பம் தன் காலில் நிற்க வேண்டும்.

நின்றதா? மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பந்தன் அமைப்பு நடத்திய இதே வகைத் திட்டத்தைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். திட்டம் கிடைத்த குடும்பங்கள் கிடைக்காதவற்றைவிடப் பத்தாண்டு கழித்தும் கூடுதலாகச் சம்பாதித்தன, கூடுதலாகச் செலவிட்டன. பாலும் இறைச்சியும் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. கால்நடையில் வந்த வருமானம் சிறுதொழில்களுக்கு முதலானது. வெளியூர் வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணமும் சேர்ந்தது. மாடு ஒரு தொடக்கம்தான்.

அந்தத் தொடக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலவும் சறுக்குகின்றன. வங்கதேசக் குடும்பங்களைப் பதினொரு ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: உதவிக்குப் பின் சொத்து ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியவர்கள் மேலே ஏறினார்கள், தாண்டாதவர்கள் பழைய நிலைக்கே நழுவினார்கள். அப்படியானால் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து கொடுப்பது, பார்க்க நியாயமாக இருந்தாலும், யாரையும் கரையேற்றாமல் போகலாம். கானாவில் ஆடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் திட்டம் தந்த பலன் அதில் கிட்டவில்லை.

தோல்விகளையும் மறைக்கக் கூடாது. எத்தியோப்பியா முதல் பெரு வரை ஆறு நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு நடந்த சோதனையின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. பெரும்பாலும் நல்ல செய்தி. ஆனால் ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் மடிந்தன, சொத்து மிஞ்சவில்லை. தெலங்கானாப் பகுதியில் நடந்த ஒரு திட்டம் இன்னும் ஆழமான பாடம் சொல்கிறது. அங்கே கூலி உயர்ந்துவந்த நேரம். கால்நடையைப் பராமரித்தவர்கள் வயல்வேலையைக் குறைத்தார்கள். ஒரு கையில் வந்த வருமானம் மறு கையில் போனது. சிலர் கால்நடையை விற்றுக் கடனை அடைத்தார்கள். கடன் அடைந்தது சின்ன நிம்மதி இல்லை. ஆனால் வருமானத்தில் மொத்த மாற்றம் ஏதுமில்லை.

கொடுக்கும் பொருள் அந்த ஊரின் வேலைச்சந்தையோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு கரிசனமும் போதாது.

இன்னொரு குறை பேசப்படுவதே இல்லை. இந்த அணுகுமுறைக்குத் துறையினர் வைத்த பெயர் ‘கிராஜுவேஷன்’. ஏதோ தேர்வு எழுதித் தேறியதுபோல! தேறிய குடும்பத்துக்கு ரேஷனும் ஓய்வூதியமும் இனி வேண்டாம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. ஓர் அறுவைச் சிகிச்சையில் பசுவும் பெட்டிக்கடையும் ஒரே வாரத்தில் விலைபோகும்.

பீகார் அரசு, 2016 மதுவிலக்கால் கள், சாராயத் தொழிலை இழந்த குடும்பங்களையும் மிக ஏழைகளையும் சேர்த்து 2018 முதல் இதை அரசுத் திட்டமாகவே நடத்துகிறது. ஆட்டையும் கடைச்சரக்கையும் பட்ஜெட்டில் வாங்கிவிடலாம். அடிக்கடி வாசலுக்கு வந்து, “ஆடு தீனி எடுக்குதா, கடையில வரவு எப்படி” என்று கேட்கும் பணியாளருக்கு எத்தனை வீடுகள் ஒதுக்கப்படுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.