மன்னிப்பைத் தாங்காத மனிதன்

மறையுரைகளில் நாம் பலமுறை கேட்ட கதைகளுள் ஒன்று, ஆயரின் வெள்ளி விளக்குத் தண்டுகளின் கதை. பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் வாடிய ழான் வல்ழான் மஞ்சள் கடவுச்சீட்டோடு வெளியே வருகிறான். சத்திரங்கள் அவனுக்குக் கதவடைக்கின்றன. ஆயர் மிரியேல் மட்டும் அவனைத் தம் மேசையில் அமர்த்தி உணவளிக்கிறார். அன்றிரவே அவருடைய வெள்ளிக் கரண்டிகளைத் திருடிக்கொண்டு ஓடும் அவனைக் காவலர் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்த, ஆயரோ விளக்குத் தண்டுகளையும் ஏன் எடுத்துச் செல்லவில்லை என்று கேட்டு அவற்றையும் கொடுத்தனுப்புகிறார். திருடன் திருந்துகிறான். மறையுரை அங்கே முடிந்துவிடுகிறது.

விக்டர் ஹ்யூகோவின் நாவல் அங்கே முடியவில்லை. 1862இல் வெளிவந்த அப்பெருநூலில் இது தொடக்கமே. தண்டுகளைப் பெற்றுச் சென்ற அன்றே வல்ழான் வழியில் ஓர் ஏழைச் சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துப் பறித்துக்கொள்கிறான். அழுதுகொண்டே சிறுவன் ஓடிய பிறகுதான் தான் செய்தது இன்னதென்று உணர்ந்து, அவனைக் கூவிக் கூவித் தேடி, அகப்படாமல் நெடுநேரம் அழுகிறான். மேடையும் திரையும் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியை விட்டுவிடுகின்றன. அது பெரும் இழப்பு என்பது நம் எண்ணம். அருள் வந்த கணத்திலேயே மனிதன் முழுதும் மாறிவிடுவதில்லை; பழைய கால் பழைய பழக்கத்தில் ஒருமுறை மிதித்தே தீர்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்துவந்த நமக்கு இது தெரியாததா?

ஆனால் நாம் இங்குப் பேச விரும்புவது வல்ழானைப் பற்றியன்று. அவனைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவரைப் பற்றி. தமிழருக்கு இப்பெயர் புதிதன்று. சுத்தானந்த பாரதியார் இந்நாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். 1950இல் அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கத்தில் திரைப்படம் வந்தது. நாகையா திருடனாக நடித்தார். காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பெற்றார். கதைத் தலைவனின் பெயர் ஒட்டாமல், அவனைத் துரத்தியவனின் பெயர் ஒரு நடிகரோடு ஒட்டிக்கொண்டது வியப்பே.

ஜாவரைக் கொடியவன் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாவல் அதற்கு இடம் தரவில்லை. அவன் சிறைக்குள்ளே பிறந்தவன். தாய் குறி சொல்பவள்; தந்தை தண்டனைக் கைதி. தன் பிறப்பை வெறுத்து வளர்ந்த அவனுக்கு இரண்டு வழிகளே தென்பட்டன: சமுதாயத்தைத் தாக்குவது, அல்லது காப்பது. காப்பதைத் தேர்ந்தான். கையூட்டு வாங்காதவன், தனக்கென எதையும் சேர்க்காதவன். மேயராக உயர்ந்திருந்த வல்ழானைப் பழைய கைதி என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டு, வேறொருவன் அப்பெயரில் பிடிபட்டதும் தான் பொய்க்குற்றம் சாட்டிவிட்டதாக நம்பி, மேயரிடமே வந்து தன்னைப் பணிநீக்கம் செய்யுமாறு வேண்டுகிறான். மேயர் மன்னிக்கிறார், அவன் ஏற்க மறுக்கிறான். பிறரிடம் காட்டிய கடுமையைத் தன்னிடமும் காட்டாவிட்டால் தான் கயவன் என்பது அவன் வாதம். அவனுடைய பிற்கால முடிவுக்கான விதை இக்காட்சியில்தான் இருக்கிறது. மன்னிக்கப்படுவது எப்படி என்று ஜாவர் கற்றதே இல்லை.

1832 சூன் மாதப் பாரீசுக் கிளர்ச்சியில் அது அவனைத் தேடி வருகிறது. ஒற்றனென்று கிளர்ச்சியாளரிடம் பிடிபட்ட ஜாவரைக் கொல்லும் உரிமையை வல்ழான் கேட்டுப் பெறுகிறான். தனியே அழைத்துச் சென்று கட்டுகளை அறுத்து விடுவிக்கிறான். தன் முகவரியையும் சொல்லி அனுப்புகிறான். பிறகு காயமுற்ற இளைஞன் ஒருவனைச் சாக்கடைச் சுரங்கத்தின் வழியே சுமந்து வெளியே வரும்போது அதே ஜாவரின் கையில் சிக்குகிறான். ஜாவர் அவனை வீடுவரை அழைத்துச் சென்று, வாசலில் விட்டுவிட்டுக் காணாமற் போகிறான். கைது செய்தால் உயிர் தந்தவனுக்குத் துரோகம். விட்டுவிட்டால் சட்டத்துக்குத் துரோகம்.

தண்டவாளத்திலிருந்து புரண்ட வண்டியோடு அவன் மனநிலையை ஹ்யூகோ ஒப்பிடுகிறார். பொருத்தமான உவமை. அவன் இதயம் இளகிவிட்டது என்று அவர் எழுதவில்லை. இளகியிருந்தால் அழுதிருப்பான், பிழைத்திருப்பான். உடைந்தது அவனுடைய கணக்கு. குற்றவாளி நல்லவனாக இருக்கக் கூடும் என்றால், சட்டத்துக்கு மேலே இன்னொன்று இருக்கிறது என்றால், அவன் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். அதற்கான எழுத்துகளே அவனிடம் இல்லை.

திரையாக்கங்கள் இங்கே தடுமாறுகின்றன. 2012இல் வந்த இசைப்படத்தில், இறந்து கிடக்கும் சிறுவன் ஒருவன்மீது ஜாவர் தன் பதக்கத்தைக் குத்துகிறான். கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான்; ஆனால் ஜாவரை நமக்குப் பிடித்தவனாக்கும் அவசரம் அதில் தெரிகிறது. 1998ஆம் ஆண்டுப் படம் எதிர்ப்பக்கம் செல்கிறது. ஜாவர் ஆற்றில் விழுந்து மறைந்ததும் வல்ழான் நடந்து செல்கிறான், முகத்தில் மெல்லப் புன்னகை விரிகிறது, படம் முடிகிறது. தன்னால் உயிர் பெற்றவன் மாண்டதைக் கண்டு அவன் புன்னகைப்பதை ஆயரின் விளக்குத் தண்டுகளோடு எப்படிப் பொருத்துவது? நம்மால் இயலவில்லை.

நாவலிலும் குறைகள் உண்டு. தற்செயல் சந்திப்புகள் அளவுக்கு மிஞ்சியவை. பாரீசே ஒரு சிற்றூர்போல் ஆகிவிடுகிறது. கொசெத் என்னும் பெண் பாத்திரம் வளர்ந்த பின் பொம்மையாகவே நின்றுவிடுகிறாள். திருச்சபையும் இந்நூலை எளிதில் ஏற்கவில்லை. 1864இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலே 1966இல் நீக்கப்பட்டது. புரட்சிச் சபையின் பழைய உறுப்பினர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடக்க, அவரை மனந்திருப்பச் சென்ற ஆயர் மிரியேல் முழந்தாளிட்டு அவரிடமே ஆசி கேட்பதாக ஹ்யூகோ எழுதியிருக்கிறார். அக்காலத்தவர் அதிர்ந்ததில் வியப்பில்லை. இன்று படிக்கையில் அந்த ஆயர் நமக்கு ஆயராகவே தெரிகிறார்.

ஜாவரின் நிழலில் நற்செய்தி காட்டும் மூத்த மகன் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஊதாரி மைந்தன் வீடு திரும்பியதும் விருந்தொலி கேட்டு வெளியே நின்றுகொண்டானே, அவன். ஒருநாளும் கட்டளை மீறாதவன். ஆகவே விருந்து அவனுக்கு அநீதியாகப்பட்டது. அவன் உள்ளே போனானா இல்லையா என்று தூய லூக்கா சொல்லாமல் விட்டுவிட்டார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குச் செல்பவர்களாகிய நாம் உவமையைக் கேட்கும்போதெல்லாம் இளைய மகனோடு நம்மைச் சேர்த்துக்கொள்கிறோம். பங்கில் ஒருவர் தவறிவிட்டாலோ, அவரை மீண்டும் பாடகர் குழுவில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழும்போதோ, நம் வாயிலிருந்து வருவது யாருடைய மொழி?

தற்கொலை செய்துகொண்டவன் ஆயிற்றே என்று சிலர் கேட்கலாம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அத்தகையோருக்குக் கிறித்தவ அடக்கத்தையே மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது. ஜாவர் அறியாத அந்தக் கனிவைத் திருச்சபையும் மெல்ல மெல்லவே தன் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

ஆற்றில் குதிக்கும் முன் ஜாவர் செய்த ஒன்றைப் படிப்போர் பலர் மறந்துவிடுகின்றனர். அருகிலிருந்த காவல் நிலையத்துக்குச் சென்று, மேசையில் அமர்ந்து, பணியின் நன்மைக்காக என்று தலைப்பிட்டுப் பத்துக் குறிப்புகள் எழுதுகிறான். அவற்றுள் ஒன்று கைதிகளைப் பற்றியது. விசாரணையிலிருந்து திரும்புவோரைச் சோதனையிடும்போது காலணிகளைக் கழற்றச் சொல்லிக் கல்தரையில் வெறுங்காலோடு நிறுத்துகிறார்கள். பலர் இருமலோடு சிறைக்குத் திரும்புகிறார்கள். இதனால் மருத்துவச் செலவு கூடுகிறது என்று எழுதுகிறான். செலவு என்றுதான் எழுதுகிறான். வேறு சொல் அவனுக்கு வரவில்லை. பிறகு தன் பெயரையும் பதவியையும் இட்டு, நாளையும் நள்ளிரவு கடந்த ஒரு மணி என்ற நேரத்தையும் குறித்து, தாளை மடித்து முத்திரையிட்டு மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகிறான்.