பெயரில்லாத ஆசிரியனும் கடிதம் போட்ட வாசகனும்

‘ஆசிரியன் செத்துப்போனான்’ என்று ரோலன் பார்த் 1967இல் எழுதியதைச் சொல்லிச் சொல்லி நமக்கு வாய் வலித்துவிட்டது. சரி, பிறக்கவே விடப்படாத ஆசிரியனை என்ன செய்வது?

1940களின் அமெரிக்கக் காமிக்ஸில் எழுதியவன் பெயர் பெரும்பாலும் அச்சேறாது. முதல் ஃப்ளாஷ் கதையையும் ஜஸ்டிஸ் சொசைட்டியையும் எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸுக்குக் கிடைத்தது கூலி. பாத்திரங்கள் கம்பெனிக்குச் சொந்தம். சிறுவனாக அவற்றைப் படித்த ஜெர்ரி பெய்ல்ஸ் வளர்ந்தபின் அவருக்குக் கடிதம் போட்டார். ஃபாக்ஸ் தன்வசமிருந்த பழைய இதழ்களையே அவருக்கு விற்றார். பிறகு ராய் தாமஸ் எழுதியபோது பெய்ல்ஸைக் கைகாட்டினார். 1961இல் இருவரும் சேர்ந்து ‘ஆல்ட்டர் ஈகோ’ என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தார்கள். காமிக்ஸில் யார் எழுதினாங்க, யார் வரைஞ்சாங்கங்கிற பட்டியலை 1970களில் பெய்ல்ஸ் இன்னொரு ரசிகரோடு சேர்ந்து தொகுத்து அச்சிட்டார்.

ரசிகன் என்றால் சந்தையிடம் ஏமாந்த சோணகிரி என்று நம் கோட்பாட்டாளர்கள் கைகழுவிவிடுகிறார்கள். ஆனால் கம்பெனி மறைத்த பெயரைப் பிரதிக்குள் திரும்பக் கொண்டுவந்தவன் இந்த ரசிகன்தான்.

அதோடு கொண்டாடிவிட்டுப் போய்விடவும் முடியாது. மருத்துவக் காப்பீடு கேட்ட எழுத்தாளர்களில் ஒருவரான ஃபாக்ஸுக்கு 1968இல் டி.சி.யில் வேலை போயிற்று. 1972இல் தாமஸ் மார்வெலின் தலைமை ஆசிரியரானார். அந்தக் காலத்தில் ஃபாக்ஸுக்கு அங்கே சில கதைகள் கிடைத்தன. ரசிகனின் நன்றியால் கொஞ்ச காலம் வேலை தர முடிந்தது, உரிமை தர முடியவில்லை. பெயரை மீட்பது முதல் வேலை. ராயல்ட்டி, காப்பீடுன்னு கேட்கிறது அடுத்த வேலை. அதை ரசிகர் கடிதம் மட்டும் செய்துவிடாது.