கொடுப்போரும் கொள்வோரும்: டானியலின் ‘கானல்’ பற்றிச் சில எண்ணங்கள்

தருமம் பற்றிய கதைகள் நம்மிடையே மலிந்துள்ளன. ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் வாத்தியார், பஞ்ச காலத்தில் நெல் அளக்கும் உடையார், குடிசைக்கு மருந்து கொண்டுசெல்லும் பாதிரியார் ஆகியோரே அவற்றின் நாயகர்கள். பெறுபவன் இறுதிப் பக்கத்திற் கண்ணீர் மல்கக் கைகூப்புவான். அத்துடன் அவனுக்குக் கதையில் வேலை இல்லை. இந்தக் கைகூப்பலை எழுத மறுத்தமையாலேயே கே. டானியலின் ‘கானல்’ நாவல் இன்றும் படிக்கத்தக்கதாகின்றது.

நல்லூரை அண்டி வாழும் பஞ்சமர், சாதிக் கொடுமையினின்றும் மீட்சி வேண்டிக் கத்தோலிக்கத்தைத் தழுவுகின்றனர். தழுவிய பின்னரும் சாதி அவர்களை விட்டு நீங்கவில்லை. உதவ வந்தவரின் உள்ளம் நல்லதா என்பது நாவலின் வினா அன்று. உதவியின் பின்னர் நிலம் யாருடையது, கிணறு யாருடையது என்பதே வினா.

ஆயினும், ‘கானல்’ என்ற தலைப்பிலேயே தீர்ப்பு முடிந்துவிடுவது ஒரு குறையென்றே எனக்குப் படுகின்றது. மிஷன் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பலர் எழுத்தறிந்தனர் என்பதும் வரலாறே. 1920களின் இறுதியில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றது. அது நடைமுறைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்திற் பாடசாலைக் கொட்டகைகள் தீயிடப்பட்டன. நிலத்திலிருந்த பிள்ளை வாங்கில் ஏறியமர்ந்ததைப் பொறுக்காதவர்கள் வைத்த தீ அது. கானலுக்கு எவரும் தீ வைப்பதில்லை.

டானியல் காட்டாத இன்னொரு வழியும் இருந்தது. வடமராட்சியில் நெல்லியடிச் சந்தியை அண்டிய கரவெட்டிப் பகுதியிலே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவரான சூரன் என்ற சைவப் பெரியார் தம்மவர் பிள்ளைகளுக்காகப் பாடசாலை நிறுவினார். பிற்காலத்திலே தேவரையாளி இந்துக் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. அங்கே எவரை அனுமதிப்பது, எங்கே அமர்த்துவது என்ற முடிவுகளுக்குப் பிறர் வாசலிற் காத்துநிற்க வேண்டியிருக்கவில்லை.

இந்த முடிவெடுக்கும் உரிமையே தமிழகமும் பாரதமும் கண்ட ஒரு பெரும் பிணக்கின் மூலம். பூனா ஒப்பந்தத்தை அடுத்து, 1932இல், பின்னர் ஹரிஜன சேவா சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்புத் தோன்றியது. பொதுக் கிணறு, பாடசாலை, பாதை ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவதே முதற் பணியாக வேண்டுமென அம்பேத்கர் அதன் செயலாளர் தக்கருக்கு எழுதினார். அக்கருத்துச் செல்லவில்லை. சங்கம் சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம். ஆகவே நிர்வாகம் அவர்களிடமே இருக்கவேண்டும் என்பது காந்தியாரின் நிலைப்பாடு. கடன்பட்டவன் தன் கடனைத் தானே தீர்க்கிறான் என்பது அதன் நியாயம். ஆனால் கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் ஏட்டையும் அவனே வைத்திருந்தான்.

2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிற் கொடையாளர் பலர் வந்தனர். புலம்பெயர்ந்தோர் பணமும் வருகின்றது. ‘பயனாளி’ என்ற சொல் சற்றே பின்தள்ளப்பட்டுப் ‘பங்காளர்’ என்ற சொல் அறிக்கைகளில் முன்னிற்கின்றது. நல்ல சொல்தான். நம் ஊர்களிலே பங்காளி என்றால் காணியிற் பங்குள்ளவன். பங்கு குறைந்தால் வழக்குக்குப் போகிறவன். புத்தகப் பை வாங்கும் பிள்ளையைப் படமெடுத்து வெளியிடும் சபைகளிலே, அப்பிள்ளையின் தந்தை செலவுக் கணக்கைக் கேட்க முடியுமா? குடியிருக்கும் நிலம் பிறருடையதாக இருக்கையில் வேலியோரம் நின்று கேட்பது எளிதன்று. 1970களில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், மரமேறுபவன் அங்கத்தவன் என்ற முறையிற் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினான். அந்தப் பேச்சை நம் புனைகதைகள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

தேவரையாளியிற் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றிய தெணியான், ‘மரக்கொக்கு’ நாவலிலே கொடுப்போர் வாழ்ந்த பெரிய வீட்டையே எழுத எடுத்துக்கொண்டார். அவ்வீட்டின் சாதிப் பெருமை உள்ளிருந்து உளுத்துப்போவதை, வெறுப்பின்றி, அருகிருந்து பார்த்தவரின் நிதானத்துடன் அவர் எழுதியிருக்கிறார். ‘கானல்’ படித்தவர்கள் அதனையும் உடன் வைத்துப் படிக்கவேண்டும்.