எச்சமும் இடைச்செருகலும்

'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தின் இரண்டாம் முன்னோட்டம் 2021 நவம்பரில் வெளியாயிற்று. அதன் பிரேசில் பதிப்பில், பல்லி மனிதனின் தலை அடிப்பார் எவருமின்றியே சட்டெனத் திரும்புகிறது. அடி உண்டெனில் அடித்தவனும் உண்டு. அவனை அழித்துவிட்டனர் என இரசிகர்கள் வாதிட்டனர். எச்சங்கொண்டு பொருள் முடிக்கும் உரையாசிரியர் நெறியே இது. டிசம்பரில் படம் வந்தபோது, முந்தைய சிலந்தி மனிதர்களாகிய டோபி மக்குவயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் அதில் இருந்தனர். கார்ஃபீல்டு அதுவரை மறுத்தே வந்தார் என்பது வேடிக்கை!

ஆனால், 2017இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' முன்னோட்டத்தில் வகாண்டாப் போர்க்களத்தில் ஹல்க் ஓடி வந்தான். படத்திலோ, உருமாறாத பானரே கவசப்பொறிக்குள் நின்று போரிட்டான். இஃது இடைச்செருகல். துடைத்த கைக்குத் தடம் இருந்தது. செருகிய கை தடமே வைக்கவில்லை. இங்கு இரசிகரின் மதிநுட்பத்தைக் குறைகூறுவது முறையன்று; பாடத்தைத் திரித்தவர் படத்தை ஆக்கியோரே.