எம்டன் சிதறலும் கண்ணாடிப் பெட்டியும்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அங்கே நின்ற வணிகக் கப்பலில் மாலுமிகள் செத்தார்கள். அந்தக் குண்டின் சிதறல் இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருள்.

அதை ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். சுட்டவன் யாரென்று வரலாறு, கப்பல் தலைவன் முல்லர் பெயரோடு, சலிக்காமல் சொல்கிறது. பொறுக்கி எடுத்தாந்தது யாரு? மனமுவந்து கொடுத்தாரா, பிடுங்கிக்கிட்டாங்களா? இதே இரும்பு ராயபுரம் காயலான் கடையில் கிடந்தால் போலீசின் முதல் கேள்வி, 'எங்கேர்ந்துடா வந்துச்சு?' கோட்டைக்குள் போனதும் அக்கேள்வி 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்குள் அமுங்கிவிடுகிறது. சேகரிப்பின் அதிகாரம் இதுதான்.

நம்ம ஜனங்கள் சேகரித்தது வேறு. 'அவன் சரியான எம்டன்' என்கிறார்களே, அதில் பயமும் இருக்கு, கொஞ்சம் ரசிப்பும் இருக்கு.