அக்பர் பெயர்ப்பித்த பாரதம்

அக்பரின் சமயப் பொறையைப் புகழ்வோர், அவர் 1564-ஆம் ஆண்டில் ஜிஸியா என்னும் தலைவரியை நீக்கியதையே முதலில் எடுத்துரைப்பர். 1568-இல் சித்தோர்க் கோட்டை வீழ்ந்தபின் அவர் ஆணையால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதைக் கூறாது விடுவர். இரண்டையும் ஒருசேர நோக்குவதே நடுநிலையாகும்.

அவர் நோக்கத்தை அறிய உரிய சான்று, 1582-இல் அவர் தொடங்குவித்த ‘ரஸ்ம்நாமா’ என்னும் பாரசீக மகாபாரதமே என்பது எமது கருத்து. பண்டிதர்கள் வடமொழி மூலத்தை விளக்க, நகீப் கான் முதலியோர் பாரசீகத்தில் எழுதினர். இரு சமயத்தாரிடையே நிலவும் பகைக்கு அறியாமையே வேர் என்பது, 1587-இல் அபுல் பஸல் வரைந்த முன்னுரையின் சாரம்.

எனினும் அப்பணியில் அமர்த்தப்பெற்ற பதாவுனி, தம் வெறுப்பைத் தாம் எழுதிய வரலாற்று நூலில் பதிந்து வைத்தார். அரசாணை ஒருவரைப் படிக்கச் செய்யும். மதிக்கச் செய்யாது என்பதற்கு அவரே சான்று.

நீக்கிய வரியை ஔரங்கசீப் 1679-இல் மீண்டும் விதித்தார். நூலோ அழியாது நின்றது. பிறமொழியாளரிடையே குடியமர்ந்து வாழும் நாம், நம் அண்டை வீட்டார் போற்றும் நூல்களுள் ஒன்றையேனும் கற்றிருக்கிறோமா? நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நன்று.